உப்பு பாதி, அன்பு முழுசு

வரிசையின் தலைப்பில் நின்ற அம்மாள் பில் போட்டு முடிந்த பிறகு, "ஐயோ, கடலை மாவை விட்டுட்டேனே" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். கவுண்டர் பெண் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். வரிசை நின்றுவிட்டது. மல்லிகேஸ்வரி கூடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்திருந்தாளோ அந்தப் பக்கம் கழுத்து தானாகத் திரும்பியது. இருந்தது. போன மாதம் பிஸ்கட் வரிசையின் கடைசியில், குனிந்து எடுக்கிற இடத்தில் கிடந்தது. இப்போது பில் போடுகிற இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கீழே அகலம், மேலே குறுகல், கோபுரம் மாதிரி அடுக்கி, கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சை சாதம். டப்பாவின் மேல் அதே வாழையிலை, அதே சிவப்பு இதயம், அதே வளையல் போட்ட கை. கை மட்டும்தான், முகம் கிடையாது. பச்சைக் கண்ணாடி வளையல், மருதாணிச் சிவப்பு, கரண்டியைப் பிடித்த விரலில் மெல்லிசாய் ஒரு மோதிரம். யாருடைய கை அது? எந்தப் பெண்ணையோ கூட்டிவந்து, விளக்குப் போட்டு, இப்படிப் பிடி, இல்லை அப்படிப் பிடி என்று படம் எடுத்திருப்பார்கள், அவள் அந்தச் சோற்றைத் தொட்டுக்கூட இருக்க மாட்டாள், சோறு ஏதோ ஒரு தகரக் கொட்டகையில் அண்டா அண்டாவாக வெந்திருக்கும். கைக்குக் கீழே கொழுகொழுவென்று எழுதியிருந்தது: உப்பு பாதி, அன்பு முழுசு. இதை எழுதினவன் எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்திருப்பான். பக்கத்தில் இருந்தவன் சூப்பர் என்றிருப்பான். இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். மல்லிகேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. பார்க்காதே, சுரைக்காயை வாங்கினோமா, ரவையை வாங்கினோமா, போனோமா என்று இரு. ஆனால் பார்த்தாகிவிட்டது. நாக்குக்கு அடியில் ஏதோ கசந்து ஊறியது.

அன்பு முழுசாம். அன்பைப் பற்றி இவர்கள் வந்து அவளுக்குச் சொல்கிறார்கள். நாலு வருஷமாக அவள் வீட்டு அடுப்படியில் என்ன நடக்கிறது என்று இவர்களில் ஒருத்தனாவது வந்து பார்த்தானா? தணிகாசலத்துக்குச் சிறுநீரகம் இரண்டுமே வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். காயில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் தங்கினால் இதயத்தை நிறுத்திவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள், சர்வசாதாரணமாக, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வதைப் போல. அன்றிலிருந்து அவள் காயைப் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் கொட்டி, கடைசியில் நிறமும் ருசியும் போன சக்கையை எடுத்துத் தாளித்துக்கொண்டிருக்கிறாள். தக்காளி கிடையாது, இளநீர் கிடையாது, வாழைப்பழம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, சாமி படத்துக்கு முன்னால்கூட. ஆபீசுக்குப் போகிற அவசரத்திலும் அந்த ஊறல் நேரத்தை அவள் குறைத்ததில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெஷின் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஒரு கோடு அரை மயிரிழை நகர்ந்தால் பேப்பரைக் கிழித்துப் போடுகிற மனுஷன், அவள் வைத்த அந்தச் சக்கையை மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தட்டைப் பார்க்கவே மாட்டார். பேப்பரைப் படித்துக்கொண்டே சாப்பிடுவார். மல்லி வைத்தால் சரியாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அது அவள் வாங்கின பட்டம். வேறு யாரும் அவளுக்கு எந்தப் பட்டமும் கொடுத்ததில்லை, அதனால் அது அவளுக்கு ரொம்பப் பெரிசு. அப்புறம் ஜுரம் வந்தது. சாதாரண ஜுரம்தான், தெருவில் எல்லாருக்கும் வந்தது. ஆனால் எழுந்து நின்றால் அடுப்பு இரண்டாகத் தெரிந்தது. கத்தியைப் பிடித்தால் கை நடுங்கியது. சரி, மூன்று நாள், மூன்றே மூன்று மத்தியானம் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று புடவைத் தலைப்பைக் காதைச் சுற்றிப் போட்டுக்கொண்டு இதே கடைக்கு அவள்தான் வந்தாள். ஓட்டல் சோற்றில் உப்பைக் கொட்டுவார்கள் என்பதால் ஓட்டலுக்குப் போகவில்லை. உப்பு பாதி என்று போட்டிருந்ததால் இதை எடுத்தாள். எடுத்ததும் வாங்கிவிடவில்லை. படித்தாள். அதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். படித்தாள், படித்துவிட்டுத்தான் வாங்கினாள்.

குனிந்த இடத்திலேயே பிஸ்கட் அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டப்பாவைத் திருப்பினாள். முன்பக்கம் தமிழில் கத்துகிறவர்கள் பின்பக்கம் இங்கிலீஷில் முணுமுணுக்கிறார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, அதுவும் பளபளக்கிற பேப்பரில் வெள்ளி நிறத்தில். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஜுரத்தில் நீச்சலடிக்கிற எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திப் படித்தாள். அரிசி, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, வேர்க்கடலை, கடுகு, மஞ்சள், உப்பு. வேர்க்கடலையா, பொறுக்கி எடுத்துவிடலாம். அப்புறம் சுவையூட்டி, அடைப்புக்குறிக்குள் ஐந்நூற்று எட்டு. அவள் தேடியது ஒரு வார்த்தையை. பொட்டாசியம் என்கிற வார்த்தை. அந்த வார்த்தை இங்கிலீஷில் எப்படி இருக்கும், எந்த எழுத்தில் தொடங்கும் என்பது அவளுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும், நாலு வருஷமாக அதை மருந்துச் சீட்டிலும் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் பார்த்துப் பார்த்து, தெருவில் சுவரொட்டியில் அந்த எழுத்தைக் கண்டால்கூடத் திடுக்கிடுவாள். அந்த வார்த்தை டப்பாவில் எங்கேயும் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தாள். இல்லை. ஒரு எண்தான் இருந்தது. எண்ணைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பஸ்ஸுக்கு எண் இருக்கிறது, வீட்டுக் கதவுக்கு எண் இருக்கிறது. வாங்கினாள். வேர்க்கடலையை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தாள். தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்று மத்தியானமும் அவர் அதைத்தான் சாப்பிட்டார். "பரவாயில்லையே மல்லி, ருசியா இருக்கே" என்றார். போர்வைக்குள் படுத்திருந்த அவளுக்கு அந்த வார்த்தை கொஞ்சம் குத்தியது என்பது உண்மை. நாலு வருஷத்தில் அவளுடைய சமையலுக்கு அவர் ருசி என்று சொன்னதில்லை. அந்தக் குத்தலையும் இப்போது இவர்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "மல்லி, காலு என்னுது மாதிரியே இல்ல." நாக்கு தடித்து, ஒவ்வொரு சொல்லும் சேற்றிலிருந்து இழுபட்டு வந்தது. ஆட்டோவில் அவர் தலை அவள் தோளில் விழுந்தது. அது தூங்குகிறவனின் தலை விழுகிற மாதிரி இல்லை, மூட்டை விழுகிற மாதிரி இருந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாடி ஒன்று அடித்தது, அப்புறம் காத்திருக்க வைத்தது. ரொம்ப நேரம் காத்திருக்க வைத்தது. சிக்னலில் ஆட்டோ நின்றது, ஒரு பெண் மல்லிகைப்பூ வேண்டுமா என்று நீட்டினாள், இவள் அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்த நர்ஸ் ஓடினாள். நர்ஸ்கள் ஓடி அவள் பார்த்ததில்லை, எப்போதும் மெதுவாகத்தான் நடப்பார்கள், அன்றைக்கு ஓடினாள். ஊசி, குளுக்கோஸ், இன்சுலின், மறுபடி ஊசி, அப்புறம் அவசர டயாலிசிஸ். சின்ன வயசு லேடி டாக்டர் ஒருத்தி வந்து, "என்னம்மா குடுத்தீங்க? பொட்டாசியம் இப்படி ஏறியிருக்கு! ஜூஸ் ஏதாவது? இளநீர்?" என்று கேட்டபோது அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அவர் கண்ணைத் திறந்த பிறகு வீட்டுக்குப் போய்க் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து டப்பாவை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து காட்டினாள். டாக்டர் போனில் தட்டிப் பார்த்தாள். "ஐந்நூத்தெட்டுன்னா பொட்டாசியம் குளோரைடும்மா. உப்பைக் குறைக்கறதுக்கு அதைப் போடுவாங்க. சாதாரண ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இவருக்கு..." டப்பாவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சோடியத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், அந்தப் பாதியில் இதைக் கொட்டினார்கள், அதை முன்பக்கம் இதயம் வரைந்து சொன்னார்கள், இதைப் பின்பக்கம் எண்ணாக்கி ஒளித்தார்கள். பொய் சொன்னார்களா என்றால் இல்லை. அதுதான் ஆற மாட்டேன் என்கிறது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உப்பு பாதிதான். பொய் சொன்னால் சட்டையைப் பிடிக்கலாம். உண்மையையே இப்படி மடித்து வைத்துக் கொல்கிறவனை எங்கே பிடிப்பது?

அரக்கோணத்திலிருந்து புஷ்பவல்லி அண்ணி வந்தாள். தணிகாசலத்தின் அக்கா. தம்பி படுத்திருந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள், மூக்கைச் சிந்தினாள், நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு வேளை சோறு பொங்கிப் போட முடியலையாம்மா உனக்கு? டப்பாவுல வாங்கிப் போட்ருக்கே. நாய்க்குத்தான் டப்பாவுல வாங்குவாங்க." வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகேஸ்வரி வாயைத் திறந்தாள். ஐந்நூற்று எட்டு என்று தொடங்கினால் அது எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று தோன்றியது. மாட்டிக்கொண்டவள் சொல்கிற சாக்கு மாதிரி இருக்கும். எண்ணாம், அடைப்புக்குறியாம். வாயை மூடிக்கொண்டாள். அவர் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆதியோடந்தமாகச் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாள், அவள் சுரைக்காய்க் கூட்டும் சோறும் வைத்த தட்டை அவர் பார்த்தார். நாலு வருஷமாகத் தட்டைப் பார்க்காதவர் குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தை லேசாகத் தள்ளினார். "இதுல என்ன போட்டிருக்கே?" கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார், பயந்த குழந்தை கேட்கிற மாதிரி. கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். "சுரைக்கா. ரெண்டு தடவ தண்ணி கொட்டினேன்." சாப்பிட்டார். ராத்திரியும் கேட்டார். மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு வேளையும் கேட்கிறார், காப்பிக்குக்கூட. ஒவ்வொரு வேளையும் அவள் பரீட்சை எழுதுகிறாள். அந்த வளையல் கை அவளுடைய தட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பி அனுப்ப முடியவில்லை.

டப்பாவில் இருந்த புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். அதில்தான் கோபம் அவளையே திருப்பித் தாக்கியது. முதலில் பாட்டு. அப்புறம் ஒரு பெண் குரல். "உங்க சிரமத்துக்கு வருந்தறோம் மேடம்." அந்த வாக்கியம் எங்கே நிறுத்தி எங்கே மூச்சு வாங்கிச் சொல்லப்படும் என்று மல்லிகேஸ்வரிக்குத் தெரியும். அண்ணா நகரில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்கிற கம்பெனியில் அவளும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், காதில் அதே மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு. வருந்தறோம் என்பதில் யாரும் வருந்துவதில்லை. மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம் என்றால் மேலிடம் என்று ஒன்று இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்துக்குள் டிக் போடுவார்கள், அவ்வளவுதான். எத்தனை பேரிடம் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். அவர்களும் போனை வைத்துவிட்டு இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்களா? இல்லை, அது வேறு, அது தண்ணீர் சொட்டுகிற மெஷின், இது நாடி நிற்கிற விஷயம், இரண்டையும் ஒன்றாக்காதே. ஆக்கத்தான் தோன்றுகிறது. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். பின்பக்கம் எல்லாம் விதிப்படிதான் அச்சிட்டிருக்கிறதாம். இருந்தாலும் வாடிக்கையாளரின் மனசு நோகக் கூடாதாம். "உங்களுக்காக ரெண்டு டப்பா இலவசமா அனுப்பறோம் மேடம், அட்ரஸ் கன்ஃபர்ம் பண்ண முடியுமா?" அட்ரஸ். அவர் இன்னும் ஆறு மத்தியானம் அதைச் சாப்பிட்டிருந்தால் இவர்கள் மாலைக்குப் பதில் டப்பா அனுப்பியிருப்பார்கள். அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப அசிங்கமான சிரிப்பு, தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. மறுமுனையில் அந்தப் பெண், "தேங்க்யூ மேடம்" என்றாள்.

கடலை மாவுக்காரம்மாள் இன்னும் வரவில்லை. மல்லிகேஸ்வரிக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது, போனைப் பார்த்துக்கொண்டே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். சலித்துப்போய்க் கோபுரத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். இதற்குத்தான், சரியாக இதற்குத்தான் இதை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், நிற்கிறவர்கள் சலிப்பார்கள், சலித்தால் கை நீளும். ஒரு டப்பாவை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தாள், உதடு அசைந்தது, படிக்கிறாள், அன்பு முழுசு, லேசாகச் சிரித்தாள். கூடையில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். இன்னும் ஒன்று. சொல்லாதே, நமக்கென்ன, அவள் வீட்டில் யாருக்கு என்னவோ, ஊரெல்லாம் இதைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது, எல்லாருமா செத்தார்கள். கேட்டால் பைத்தியம் என்று நினைப்பாள். நினைக்கட்டும். இல்லை வேண்டாம். அண்ணி எதிரில் மூடின வாய் பூட்டின மாதிரி இருந்தது, அதைத் திறக்கிற சாவி எங்கே வைத்தோம் என்று உள்ளே துழாவிக்கொண்டிருக்கும்போதே குரல் தானாக வெளியே வந்துவிட்டது.

"யாருக்கும்மா வாங்கறே?"

"என்ன ஆன்ட்டி?"

"அந்தச் சாதம். யாருக்கு?"

"அப்பாவுக்கு." அந்தப் பெண் டப்பாவைத் திருப்பிக் காட்டினாள், எதிரில் இருப்பவளுக்கும் சிபாரிசு செய்கிற மாதிரி. "பிபி இருக்கு. உப்பு ஆகாதுன்னுட்டாங்க. நான் காலைல கிளம்பிட்டா அவரு தனியாத்தான் இருப்பாரு. இது ஹார்ட்டுக்கு நல்லதுன்னு போட்டிருக்கு."

"அப்பாவுக்கு கிட்னி எப்படி இருக்கு?"

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. முன்பின் தெரியாதவள் வீட்டுக் கொடியில் காய்கிற துணியைப் புரட்டிப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"கொஞ்சம் கோளாறு இருக்கற ஆளா, நல்லா இருக்கற ஆளா? டெஸ்ட் எடுத்தீங்களா? இதுல உப்பைக் குறைச்சிட்டு பொட்டாசியத்தைக் கொட்டியிருக்காங்கம்மா. பின்னாடி பாரு, ஐந்நூத்தெட்டுன்னு போட்டிருக்கும், அதான் அது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஹார்ட்ட நிறுத்திடும். பிபிக்குக் குடுக்கற மாத்திரை சிலதும் அதை ஏத்துமாம், டாக்டரே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் மூணு வேளை சாப்பிட்டார். மூணே வேளை. நாடி நின்னு நின்னு அடிச்சிது." மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். எந்த இடத்தில் குரல் ஏறியது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் படிச்சேன்! படிச்சிட்டுத்தான் வாங்கினேன்! ஜுரத்தோட இங்கதான் உக்காந்து டார்ச் அடிச்சுப் படிச்சேன்! பேரைப் போட்டிருந்தா வெச்சிட்டுப் போயிருப்பேன்ல, நம்பரைப் போட்டா நான் என்ன கண்டேன்? அன்பு முழுசாம், எவன்டா எழுதினது இதை?" எண்ணெய் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒருவர், "அம்மா, வீட்டுக்குப் போகணும், சண்டைய அப்பால வெச்சுக்கங்க" என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவள், "எங்க வீட்ல எல்லாருக்கும் கிட்னி நல்லாத்தான் இருக்கு" என்று யாரிடமோ சொன்னாள். மல்லிகேஸ்வரி கூடையைத் தரையில் வைத்துவிட்டாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மேனேஜர் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெஞ்சில் நிவேதன் என்று பெயர் குத்தியிருந்தது, நல்ல பையன் முகம். "மேடம், என்ன பிரச்சனை? கொஞ்சம் தள்ளி வந்து பேசலாமா?"

"தள்ளி வரமாட்டேன். தள்ளி வந்தா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். உங்க சிரமத்துக்கு வருந்தறோம்பீங்க."

"கண்டிப்பா மேடம், நாங்க..."

"லேபிள் கம்பெனி போடறது, நாங்க விக்கறோம் அவ்ளோதான்பீங்க."

அவன் அதைத்தான் சொல்லப் போனான் என்பது முகத்தில் தெரிந்தது. 

"மேலிடத்துக்குத் தெரிவிக்கறோம்பீங்க. தம்பி, நானும் அந்த வேலைதான் பாக்கறேன். எனக்கு அதெல்லாம் வேணாம். இதை எடுத்து உள்ள வைங்க. இல்லன்னா மேல ஒரு பேப்பர் ஒட்டுங்க, கிட்னி கோளாறு இருக்கறவங்க சாப்பிடக் கூடாதுன்னு. தமிழ்ல. இந்தக் கை இருக்கு பாருங்க, இந்தக் கை மேலயே ஒட்டுங்க."

"நாங்களா எதுவும் ஒட்ட முடியாது மேடம். ரூல்ஸ் அப்படி."

"எண்ணை வெச்சு ஏமாத்தறதுக்கு ரூல்ஸ் இருக்கு. எழுத்துல சொல்றதுக்கு இல்ல, அப்படித்தானே?"

ஆபீஸ் அட்டைப் பெண் இதற்குள் வரிசையை விட்டு விலகி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, போன மாசம் டெஸ்ட் எடுத்தோமே, அதுல கிட்னிக்கு கிரியாட்டினின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. எவ்ளோ போட்டிருக்கு? கண்ணாடி போட்டுட்டுப் பாருங்கப்பா." கேட்டுக்கொண்டே கூடையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து பபிள்கம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை மேனேஜரும் பார்த்தான். அது அவனுக்கு உறைத்தது. கூட்டம் கூடிவிட்டது, இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் கையைக் காட்டினான். கடைச் சீருடையில் இரண்டு பெண்கள் வந்து கோபுரத்தைக் கலைத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, உள்ளே கொண்டுபோனார்கள். காவலுக்கு நிற்கிற அம்மா வந்து மல்லிகேஸ்வரியின் முழங்கையைத் தொட்டாள். "வாங்க, செத்த வெளிய காத்தாட நில்லுங்க. எப்படி வேர்த்திருக்கு பாருங்க." அவள் போனாள். ஜெயித்துவிட்டோமா? கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் படி இறங்கினாள். ஜெயித்தால் இப்படியா இருக்கும்?

வெளியே வில்லிவாக்கம் சனிக்கிழமை சாயங்காலத்துக்கே உரிய இரைச்சலில் இருந்தது. ஹாரன், கரும்புச்சாறு மெஷின், யாரோ யாரையோ டூவீலரில் திட்டிக்கொண்டு போனார்கள். போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்கே? இவ்ளோ நேரமாச்சு."

"கடையில."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வீட்டுக்குப் போய், சுரைக்காய் நறுக்கி, தண்ணீர் கொட்டி, தட்டு வைத்து, என்ன போட்டிருக்கே, அதற்குப் பதில் சொல்லி. நினைத்தவுடன் ஒரேயடியாக மலைத்துப்போய், நடைபாதையில் நின்றபடியே கொட்டிவிட்டாள். ஜுரம், டார்ச், வெள்ளி எழுத்து, எந்த வார்த்தையைத் தேடினாள், எந்த வார்த்தை இல்லை, பொறுக்கின வேர்க்கடலை, குப்பைக் கூடை, டாக்டரின் போன், இலவச டப்பா எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது, அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.  

"நம்பராவா போட்டிருந்தான்?" என்றார் கடைசியில்.

"ஆமாம்."

"நான் டிராயிங்ல நம்பர் போட்டா ஓரத்துல அது என்னன்னு எழுதுவேன் மல்லி. எழுதாம அனுப்பினா மெஷின் ஓட்டறவன் கை போயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

"தினம் கேட்டேனே. வேளைக்கு வேளை கேட்டேனே."

"அது இந்தக் கேள்வி இல்ல."

  அப்புறம், "அக்கா கிட்ட நான் பேசறேன்" என்றார், கரகரத்து, எழுந்து உட்கார்கிற மாதிரி. அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், இப்போதுதான் பேசுவாராம், வார்டில் எல்லாரும் பார்க்க அண்ணி சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாரே, தூங்கவில்லை, இமை ஆடியது அவளுக்குத் தெரியும். இந்தக் கோபம் நாளைக்குத் தீருமா, அடுத்த மாதம் தீருமா, தெரியாது. நேரே வீட்டுக்குப் போய்ப் புன்னகை செய்கிற அளவுக்குத் தீரவில்லை. "வரேன்" என்று வைத்தாள். அப்போதுதான் கூடை உள்ளேயே நிற்பது ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். கவுண்டர் பெண் அவளைப் பார்த்ததும் பார்வையைக் கீழே போட்டாள். கூடையை யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் தள்ளுவண்டி. சீருடைப் பெண்கள் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, கீழே அகலமாக, மேலே குறுகலாக, கோபுரத்தை மறுபடி கட்டி முடித்திருந்தார்கள். உச்சியில் கடைசி டப்பா. ஒரு போன் பேசி முடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. சிவப்பு இதயம், பச்சை வளையல், அன்பு முழுசு. அவளைப் பார்த்ததும் அவர்களில் பெரியவள், "மேனேஜர் சொன்னாரும்மா" என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. மல்லிகேஸ்வரி தலையை ஆட்டினாள். அந்தப் பெண்கள் மேல் கோபமில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் தொண்டையில் காற்றுதான் வந்தது. சரி, குரல் இல்லாவிட்டால் போகிறது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோபுரத்துக்கு முன்னால் போய் நின்றாள். உச்சி டப்பாவை எடுத்து, பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். அதற்குக் கீழே இருந்ததை எடுத்தாள், திருப்பினாள். அடுத்தது. அடுத்தது. வளையல் கைகள் ஒவ்வொன்றாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், ஒருவர் குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெள்ளி எழுத்தைப் படிக்கப் பார்த்தார். மேனேஜர் வேகமாக வந்தான்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஒண்ணும் ஒட்டல தம்பி," என்றாள் அவள், அடைத்த குரலில், கையை நிறுத்தாமல். "ஜனங்க படிக்கறதுக்கு வசதியா வெக்கறேன்."